இறுதியாண்டுப் பாடத்தெரிவு

ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகளிற் பன்னிரண்டாம் வகுப்பே இறுதி வகுப்பாகும். அவ்வகுப்பிற்குரிய பாடங்களிற் பலவற்றை மாணாக்கர் தாமே தெரிந்துகொள்வர். பல்கலைக்கழக விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அனுப்பப்பட்டுவிடுதலின், எளிய பாடங்களோடு எஞ்சிய நாளைக் கழிக்க விரும்புவோரும் உளர்.

இவ்விருப்பம் நன்மை பயப்பதன்று. 1980இற் பத்தாம் வகுப்பிற் பயின்றோரின் கல்வியை 1993 வரை தொடர்ந்து நோக்கி, கிளிபோட் அடெல்மன் என்னும் ஆய்வாளர் 1999இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பட்டப்படிப்பை நிறைவேற்றுவோர் யாவரென முன்னறிதற்குப் பரீட்சைப் புள்ளிகளினும் பாடசாலையிற் கற்ற பாடங்களின் செறிவே சிறந்த அளவுகோலென அது காட்டிற்று. அட்சரகணிதத்தின் இரண்டாம் பாடநெறிக்கு மேற்பட்ட கணிதபாடமொன்றை முடித்து உயர்கல்வி புகுந்தோர்க்குப் பட்டம் பெறும் வாய்ப்பு இருமடங்கினும் மிகுந்திருந்தது.

எனினும், கடினமானவற்றையெல்லாம் ஒருங்கே ஏற்றல் வேண்டுமென்பது இதன் கருத்தன்று. கொலிச் போட் என்னும் நிறுவனம் 1955 முதல் நடத்திவரும் பல்கலைக்கழகத் தரப் பாடநெறிகளுள் நுண்கணிதமும் ஒன்று. திரிகோணகணிதத்திலே தெளிவில்லாதான் அதனை மேற்கொள்வானாயின், புள்ளியும் இழப்பான். கணிதத்தின்மீதுள்ள விருப்பும் இழப்பான். ஆதலின், தான் நன்கு கற்றதற்கு அடுத்த படியிலுள்ள பாடத்தைத் தெரிதலே மாணாக்கனுக்குத் தக்கதாகும். அப்படியிற் கால் வையாது நிற்றலும், பல படிகளைத் தாவ முயலுதலும் ஒருங்கே தவிர்க்கற்பாலன.