வேட்கையும் விழிப்பும்

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குச் செல்லும் வழியில் தோவ ரஜமகா விகாரை அமைந்துள்ளது. அங்கே பாறையிற் செதுக்கப்பெற்ற, ஏறத்தாழ 38 அடி உயரமான புத்தர் சிலையொன்று முற்றுப்பெறாத நிலையில் நிற்கிறது. அவ்வழியே செல்லும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் இந்துக்கள். எனினும், அவர்தம் இல்லங்கள் பலவற்றை வருத்தும் நோயொன்றுக்குப் புத்தர் வகுத்த நெறியிலும் மருந்து உண்டு. அந்நோய் குடிப்பழக்கம்.

மலைச்சரிவில் பகலெல்லாம் பாடுபட்டு ஈட்டிய கூலி, சம்பள நாளன்றே தவறணையிலும் கசிப்பிலும் கரைந்துவிடுமாயின், லயத்தில் அடுப்பு எரிவதெங்ஙனம்? பிள்ளை பள்ளிக்குச் செல்வதெங்ஙனம்? குடிப்பவரை ஏசுவதனால் இந்நிலை மாறுவதில்லை. இகழ்ச்சியால் நாணியவர், அந்நாணத்தை மறப்பதற்கே மீண்டும் குடிப்பர்.

மதுவை விலக்குதல் பஞ்சசீலத்துள் ஐந்தாவதாகும். மது, விழிப்பின்மைக்கு நிலைக்களம் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். விழிப்பிழந்தவன் ஏனைய நான்கு சீலங்களையும் எளிதில் மீறுவான். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு உபதேசித்த சூத்திரத்திலே, குடியால் விளையும் கேடுகள் ஆறெனப் புத்தர் எண்ணிக் காட்டுகிறார். பொருளிழப்பு, பூசல், நோய், பழி, நாணமின்மை, அறிவு மழுங்கல் என்பன அவை.

கேட்டினை அறிதல் வேறு. பழக்கத்தை விடுதல் வேறு. இங்கேதான் தியானப் பயிற்சி துணைபுரிகிறது. வேட்கை தோன்றும், வளரும், தணியும், நிலைத்து நிற்பதன்று. குடிக்க வேண்டுமென்ற எண்ணம் எழும்போது அதனோடு போரிடாமலும், அதற்குப் பணியாமலும், மூச்சிலே கருத்தை நிறுத்தி, தொண்டையின் வறட்சியையும் நெஞ்சின் படபடப்பையும் நோக்கியிருத்தல் வேண்டும். அமெரிக்க உளவியலறிஞர் அலன் மார்லட் இவ்வேட்கையை எழுந்து விழும் கடலலைக்கு ஒப்பிட்டார். அவர் வழியில் அமைந்த எட்டு வாரப் பயிற்சியைப் பற்றி, 286 பேரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்று 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓராண்டு கழிந்தபின், ஏனைய முறைகளிற் சிகிச்சை பெற்றோரைவிட, இப்பயிற்சி பெற்றோரிடையே போதைப்பொருள் பயன்பாடும் மிகுகுடியும் குறைந்திருந்தன.

இந்நெறி தமிழருக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்திலே, சூதினாற் பொருளிழந்த சாதுவன் என்னும் வணிகன், மரக்கலம் உடைந்து நாகர் வாழும் மலையை அடைகிறான். அவர்கள் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கிறான். கள்ளும் ஊனும் கொடுத்து உபசரித்த நாகர் தலைவனுக்கு, அவற்றை மறுத்து அறம் உரைக்கிறான். அவற்றைக் கைவிட்டால் உயிர் வாழ இயலாதே என்கிறான் தலைவன். சாதுவன் சினக்கவில்லை, தலைவனைப் பாராட்டி, அவனால் இயலக்கூடிய அறத்தை எடுத்துச் சொல்கிறான். தானும் ஒருகாற் கெட்டுத் தேறியவன், கேட்பவன் மொழியிலேயே பேசி, அவனால் எடுத்துவைக்கக்கூடிய முதலடியைக் காட்டினான். இன்று தோட்டங்களிற் பணிபுரிவோர்க்கும் இதுவே வழி.

எனினும் எச்சரிக்கையொன்று இன்றியமையாதது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், நடுக்கம், வலிப்பு, சித்தக் கலக்கம் ஆகியன நேரலாம். உயிருக்கும் ஆபத்து உண்டு. ஆகவே முதலில் வைத்தியரை நாடவேண்டும். தியானம் மருத்துவத்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. நல்லோர் கூட்டுறவும் வேண்டும். மதுக்கடைகள் மூடியிருக்கும் போயா தினத்தில், அயலவர் சிலர் ஒன்றுகூடி அமர்ந்து பயிலத் தொடங்கலாம். அதற்காக எவரும் தம் சமயத்தை விட வேண்டியதில்லை.

சீலம் என்பது பிறர் இடும் கட்டளையன்று; ஒருவர் தாமே மேற்கொள்ளும் பயிற்சி. ஆதலின், ஒருநாள் தவறியவர் எல்லாவற்றையும் இழந்துவிட்டதாக எண்ணற்க. மறுநாட் காலையில் அதை மீண்டும் மேற்கொள்ளலாம். அவ்வேளையில் வீட்டார் கூறும் ஓர் அன்புச்சொல், நூறு ஏச்சினும் பெரும்பயன் தரும்.