தொட்டி இன்று, கௌராமி அடுத்த மாதம்

புதுக்கோட்டை கீழராஜ வீதியிலும், அறந்தாங்கி, ஆலங்குடிக் கடைத்தெருக்களிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் கடைகளைப் பார்க்கிறோம். சாமான் கட்டும் வரை வாடிக்கையாளரின் குழந்தை அதன் முன்னால் நிற்கிறது. அதுவே கடைக்கு ஒரு லாபம். இப்போது சில மளிகை அன்பர்கள் ஒரு படி மேலே போய், மீனையும் உப வியாபாரமாக வைத்து விற்கலாமா என்று கேட்கிறார்கள். நாம் பருப்பும் மிளகாயும் விற்பவர்கள்தாம். ஆனாலும் நம் மண்டியில் பல ஆண்டுகளாகத் தொட்டி இருப்பதால், அதிகம் கேட்கப்படும் கௌராமி மீனைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

கௌராமி நமக்கு அந்நிய சாதி அல்ல. செவுளுக்கு மேலே தனி உறுப்பு ஒன்று இருப்பதால், அது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை வாயால் நேரே குடிக்கிறது. நம் கண்மாய்களில் கிடக்கும் பனையேறிக் கெண்டைக்கும் இதே அமைப்புதான். அது பனைமரத்தில் ஏறியிருக்கக் கண்டதாகத் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் எழுதிய குறிப்பு 1797-இல் வெளியாயிற்று. தமிழ்நாட்டு வயல் வாய்க்கால்களில் வாழும் சிறு உறவு மீன் ஒன்றுக்கு ‘குபானஸ்’ என்ற விஞ்ஞானப் பெயரே புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆற்றிலிருந்து வந்தது. பெயர் வைத்த வருடம் 1831.

கடைகளில் கிடைக்கும் கௌராமிகளில் எது வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டிதான் பெரும்பாலோர் வாங்குவது. அது ஏறக்குறைய 55 லிட்டர் கொள்ளும். (தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை அரிசிக்கு மேல் கனக்கும், மேஜையைப் பார்த்து வையுங்கள்.) இந்த அளவுக்குக் குள்ள கௌராமியோ தேன் கௌராமியோ போதும். இரண்டும் கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன்கள். இரண்டு, மூன்று அங்குலத்துக்கு மேல் வளராது. முத்து கௌராமி அழகு, குணமும் சாது. ஆனால் நான்கைந்து அங்குலம் வளர்வதால் மூன்றடித் தொட்டி கேட்கும். நீல கௌராமி எந்தத் தண்ணீரையும் தாங்கும், விலையும் மலிவு, ஆனால் சண்டைக்காரன். ராட்சத கௌராமிக் குஞ்சை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் மொரீஷியஸிலிருந்து மதராசுக்கு உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட மீன் அது; இரண்டடி வரை வளரும்.

குள்ள கௌராமியில் ஆணுக்குத்தான் நிறம். பெண் வெள்ளிபோல மங்கல். ஆகவே விற்பவர் எல்லாவற்றையும் ஆணாகவே பொறுக்கி வைத்திருப்பார். இரண்டடித் தொட்டியில் இரண்டு ஆணை விட்டால் ஒன்று மூலையில் ஒடுங்கிச் செத்துப்போகும். ஒரு ஆண், இரண்டு பெண் என்று கேட்டு வாங்குங்கள். முதுகுத் துடுப்பு கூர்மையாக இருந்தால் ஆண், உருண்டிருந்தால் பெண். இந்த மீனுக்கென்றே ஒரு வைரஸ் நோய் உண்டு, மருந்து கிடையாது. நிறம் வெளுத்து, வயிறு உப்பி, உடம்பில் புண்ணோடு ஒரு மீன் இருந்தாலும் அந்தத் தொட்டியில் இருக்கும் எதையும் வாங்கக்கூடாது.

இனி முக்கியமான சங்கதி. சனிக்கிழமை தொட்டி விற்று, அன்றைக்கே பத்து மீனையும் பாலிதீன் பையில் போட்டுக் கொடுக்கிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அடுத்த சனிக்குள் பாதி மிதக்கும். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்வார், தொட்டியைக் கவிழ்த்து மாடிக்கு ஏற்றுவார், அந்தக் கடைப் பக்கம் திரும்ப மாட்டார். ஒரு நாள் விற்பனைக்காக, மாதந்தோறும் தீவனமும் செடியும் மீனும் வாங்கவேண்டியவரைத் தொலைத்தாயிற்று.

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீவனத்திலிருந்தும் அமோனியா வருகிறது. அது விஷம். கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்கள்தாம் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இடையில் வரும் நைட்ரைட்டும் விஷமே. நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கௌராமி காற்றைக் குடிக்கிறதே, தாங்காதா என்று கேட்பார்கள். காற்றுக் குறைவைத் தாங்கும், விஷத்தைத் தாங்காது.

பாலுக்கு உறை ஊற்றுவதுபோல இதற்கும் ஒரு வழி இருக்கிறது. நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கல்லோ, அழுக்குப் பஞ்சோ எடுத்து, ஈரம் காயாமல் புதுத் தொட்டியில் போட்டு, தினம் ஒரு சிட்டிகை தீவனம் தூவி வந்தால் காத்திருக்கும் காலம் குறையும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக்கூடாது. குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும். தொட்டிக்கு ஊற்றும் குழாய்த் தண்ணீரையும் ஓரிரு நாள் திறந்து வைத்தோ, ஹைப்போ போட்டோதான் சேர்க்க வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனைச் சொட்டு மருந்து காட்டிய பிறகே மீன். கடையில் அந்த மருந்து ஒரு புட்டி வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கொண்டுவரும் தண்ணீரை இலவசமாகச் சோதித்துக் கொடுங்கள். அவர் வந்துகொண்டே இருப்பார்.

முதலில் நாலைந்து பிளாட்டியோ ஜீப்ராவோ விடலாம். நம் மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினம். பிளாட்டிக்கும் மோலிக்கும் அது ஒத்துப்போகும். கௌராமியைக் கடைசியில் விட வேண்டும். முதலில் வந்தால் தொட்டி முழுவதையும் தன் பட்டா நிலமாக நினைத்துப் பின்னால் வருபவர்களை விரட்டும். புலிக் கெண்டை எனப்படும் டைகர் பார்ப் கூடவே கூடாது; கௌராமியின் மீசைபோன்ற நூல் துடுப்பைக் கடித்துத் துண்டாக்கும். சண்டைமீனும் கோல்டு ஃபிஷ்ஷும் வேண்டாம்.

மீன் பெரும்பாலும் கொளத்தூரிலிருந்தும், சுற்றியுள்ள திருவள்ளூர் மாவட்டப் பண்ணைகளிலிருந்தும் இரவு முழுவதும் பயணப்பட்டு வருகிறது. வந்த மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விற்பதே நாணயம். வீட்டுத் தொட்டியில் விடும்போது விளக்கை அணைத்து, பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்துவிட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. அன்று தீவனமும் வேண்டாம். கௌராமி ஒதுங்க மிதக்கும் செடி கொஞ்சம் இருக்கட்டும். வடிகட்டியின் இழுப்பு மெதுவாக இருக்கட்டும்.

மளிகைக் கடைக்கென்று தனியாக ஒன்று சொல்லவேண்டும். கொசுவர்த்தியிலும் பூச்சி மருந்துகளிலும் உள்ள பைரித்திராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். காற்று மோட்டார் கடைக்காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. கௌராமியோ மேலே வந்து அதே காற்றைக் குடிக்கிறது. ஆகவே தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தி கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்தில் மோட்டாரை நிறுத்தி, தொட்டியை மூடி, புகை போனபின் திறந்துவிடுங்கள். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே எப்போதும் இரண்டு அங்குலம் இடைவெளி இருக்கட்டும். கிட்டங்கியில் மூட்டைகளுக்குப் பூச்சி மாத்திரை வைப்பவர்கள் அதன் அருகே தொட்டி வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். மிளகாய் மூட்டை உதறும் பக்கமும் வேண்டாம், மேற்கு வெயில் விழும் வாசலும் வேண்டாம். சித்திரை வெயிலில் கௌராமி சமாளித்தாலும் கூட இருக்கும் மீன்கள் மூச்சுத் திணறும்.