சட்டை எங்கே கிழிந்திருக்கிறது?

பெற்றோர் கூட்டமொன்றில் சிறுவர் பாதுகாப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசி முடித்திருந்தேன். எல்லோரும் கலைந்த பிறகு ஒரு தாய் மட்டும் கதவோரம் நின்றார். ரத்தோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கேட்டார்:

“டீச்சர், ஒரு புள்ள ஓதப் போற எடத்தில இப்பிடி நடந்த எண்டு சொல்லுது. ஹஸ்ரத் அல்லாஹ்மேல ஆணையா இல்ல எண்டு சொல்றார். உம்மாமார் நாங்க யார நம்புற?”

உங்கள் வீட்டுப் பிள்ளையா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லை, எங்கோ கேள்விப்பட்ட கதை என்றார். அன்று அவசரமாக ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டும். ‘யாரை நம்புவது’ என்று கேட்டவுடன் நாம் ஆளைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஒருவர் தாடி வைத்தவர், தொழுகை நடத்துபவர், நம் ஜனாஸாக்களுக்கு முன்னால் நின்றவர். மற்றது பத்து வயதுப் பிள்ளை. நேற்றுத்தான் வீட்டுப்பாடம் செய்தேன் என்று பொய் சொல்லி அடி வாங்கிய பிள்ளை. ஆளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், பிள்ளை ஒருநாளும் வெல்லாது.

ஸூரா யூஸுபின் பாடம்

சிறு வயதில் விற்கப்பட்டு மிஸ்ரில் செல்வாக்கான ஒரு வீட்டில் வளர்ந்தவர்கள் நபி யூஸுப் (அலை) அவர்கள். அந்த வீட்டு எஜமானி அவர்களைத் தவறுக்கு அழைத்தாள். மறுத்து ஓடியவர்கள் மீதே பழியையும் போட்டாள். ஒரு பக்கம் அந்தஸ்துள்ள பெண். மறுபக்கம் உறவும் ஊரும் இல்லாத இளைஞர். அப்போது அவளுடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே ஒரு வழி சொன்னார். சட்டை முன்பக்கம் கிழிந்திருக்கிறதா, பின்பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பின்பக்கம் கிழிந்திருந்தது. உண்மை வெளியே வந்தது.

இருவரில் யார் மதிப்பானவர் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. தன் குடும்பத்துப் பெண் என்று பார்க்கவும் இல்லை. பரிசோதிக்கக்கூடிய ஒன்றைப் பரிசோதிக்கச் சொன்னார். அதே ஸூராவின் தொடக்கத்தில் இன்னொரு சட்டையும் வருகிறது. சகோதரர்கள் பொய் இரத்தம் பூசிக் கொண்டுவந்த சட்டை அது. அத்தாட்சி என்று கொண்டுவரப்படுவது எல்லாம் அத்தாட்சி அல்ல என்பதையும் ஒரே கதை நமக்குச் சொல்லிவிடுகிறது.

நாம் அதிகம் பேசாத ஒரு பகுதியும் அங்கே உண்டு. அத்தாட்சிகளைக் கண்ட பிறகும், அந்த வீட்டார் யூஸுப் (அலை) அவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். உண்மை தெரியாததால் அல்ல, கதை வெளியே போகக்கூடாது என்பதால். பிள்ளையை ஓதலிலிருந்து நிறுத்தி மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உஸ்தாதை இன்னோர் ஊருக்கு மாற்றிவிட்டு, ‘விஷயம் முடிந்தது’ என்று நாம் சொல்லும்போது செய்வதும் அதைத்தான்.

நம் சமூகத்தில் மட்டுமா?

இல்லை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கத்தோலிக்கக் குருமார் சிலர் செய்த துஷ்பிரயோகங்களையும், மேலிடம் அவர்களை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றியே மூடிமறைத்ததையும் 2002இல் ‘பொஸ்டன் குளோப்’ பத்திரிகை வெளியிட்டது. அவுஸ்திரேலியா 2013 முதல் 2017 வரை ஓர் அரச ஆணைக்குழுவை அமைத்துப் பாடசாலைகள், விடுதிகள், சமய நிறுவனங்கள் அனைத்தையும் விசாரித்தது. இங்கிலாந்தில் நடந்த சுயாதீன விசாரணை 2021இல் வெளியிட்ட அறிக்கையில் பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் உட்படப் பல சமயங்களின் அமைப்புகள் ஆராயப்பட்டன. எங்கும் ஒரே பல்லவிதான்: ‘எங்கள் ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்.’

எந்தச் சமயமும் இதைக் கற்பிப்பதில்லை. ஆனால் நம்பிக்கை அதிகமான இடத்தில் கேள்வி குறைகிறது. கேள்வி குறைந்த இடத்தைத் தேடித்தான் தவறு செய்பவன் வருகிறான். அவன் ஆயிரத்தில் ஒருவனாக இருந்தாலும், மற்ற 999 பேரின் நல்ல பெயர்தான் அவனுக்குப் போர்வை.

பொய்யின் அடையாளம் என்று நாம் நினைப்பவை

‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்பதுதான் நாம் கேட்கும் முதற்கேள்வி. அவுஸ்திரேலிய ஆணைக்குழுவின் முன் வந்தவர்கள் நடந்ததை முதன்முதலில் வெளியே சொல்ல எடுத்த காலம் சராசரியாக 23.9 வருடங்கள். மாதமல்ல, வருடம். ஆகவே தாமதம் பொய்யின் அடையாளம் அல்ல.

‘முதலில் சொன்னாள், பிறகு இல்லை என்கிறாள்’ என்பது அடுத்தது. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நீதிமன்றத்துக்கு வந்த 257 பிள்ளைகளின் பாலியல் துஷ்பிரயோக வழக்குகளைப் பார்த்தது. அவர்களில் ஏறக்குறைய 23 வீதமானோர் சொன்னதைப் பின்னர் வாபஸ் வாங்கியிருந்தார்கள். வயது குறைந்த பிள்ளைகளும், குற்றம் சாட்டப்பட்டவர் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்த பிள்ளைகளும், வீட்டில் பெரியவர்களின் ஆதரவு கிடைக்காத பிள்ளைகளுமே அதிகம் வாபஸ் வாங்கினார்கள். உம்மா அழுகிறார், வாப்பா பேசுவதில்லை, ஊர் இரண்டுபட்டுவிட்டது என்று கண்டதும் பிள்ளை ‘நான் சும்மா சொன்னேன்’ என்று சொல்லிவிடுகிறது. அப்படிச் சொன்னால் வீடு பழையபடி ஆகும் என்று நினைக்கிறது.

அழவில்லை, சிரித்து விளையாடுகிறாள், அவரைக் கண்டால் ஸலாம் சொல்கிறாள் என்பதும் எதையும் நிரூபிக்காது. தினமும் முகம் பார்க்க வேண்டிய ஒருவருக்கு ஸலாம் சொல்லாமல் ஒரு பிள்ளை எப்படி இருக்கும்?

சிறுமியாக நான் ஓதப் போன காலத்தில் என் பக்கத்தில் இருந்து ஓதியவள் ஒருத்தி. அஸர் நெருங்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு வலிக்கும். கசாயம் கொடுத்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கடைசியில் அடித்தும் அனுப்பினார்கள். அவளுக்கு என்ன நடந்தது, அல்லது ஒன்றுமே நடக்கவில்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஏன் வலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த நானும் கேட்கவில்லை.

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் பிள்ளை பெயர் சொன்னவுடன் ஒருவரைக் குற்றவாளி என்று முடிவெடுத்துவிடலாமா? அதுவும் கூடாது. பிள்ளைகள் பெரும்பாலும் இப்படியான கதையைத் தாமாக உருவாக்குவதில்லை. ஆனால் பெரியவர்கள் கேட்கும் விதம் பிள்ளையின் வாயில் ஒரு கதையை வைத்துவிடக்கூடும்.

கலிபோர்னியாவில் மக்மார்ட்டின் என்ற பாலர் பாடசாலைக்கு எதிராக 1983இல் முறைப்பாடு எழுந்தது. நூற்றுக்கணக்கான சிறுவர்களிடம் திரும்பத் திரும்ப, விடையை உள்ளே வைத்த கேள்விகள் கேட்கப்பட்டன. ஏழு வருடங்களுக்குப் பின், 1990இல், ஒருவர்கூடக் குற்றவாளியாகக் காணப்படாமல் வழக்கு முடிந்தது. கேள்விகள் பழுதானதால், எது உண்மை என்று பிரித்தறியவே முடியாமல் போயிற்று. ஏதாவது ஒரு பிள்ளைக்கு உண்மையில் தீங்கு நடந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கும் நீதி கிடைக்காது. குற்றமற்றவர்களின் வருடங்களும் திரும்பி வராது.

1995இல் வெளியான இன்னொரு பரிசோதனையில், சாம் ஸ்டோன் என்பவர் ஒரு பாலர் வகுப்புக்கு இரண்டு நிமிடம் வந்து, எதையும் தொடாமல் போனார். அவர் எதையும் உடைத்துவிடும் ஆள் என்று முன்கூட்டியே சொல்லி, பின்னர் பல தடவை ‘சாம் எப்படிப் புத்தகத்தைக் கிழித்தார்?’ என்ற தோரணையில் கேட்டபோது, 3, 4 வயதுப் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் அவர் ஏதோ ஒன்றைப் பழுதாக்கியதாகச் சொன்னார்கள்.

நம் நாட்டிலும் நமக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரலில் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2022 பெப்ரவரியில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. இது துஷ்பிரயோக வழக்கு அல்ல. ஆனால் புத்தளத்தில் ஒரு மத்ரஸாவில் படித்த பிள்ளைகள் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அவருக்கு எதிராகச் சொல்லும்படி விசாரணையாளர்கள் தங்களை வற்புறுத்தினார்கள் என்று மனுச் செய்தார்கள். ‘பிள்ளையிடம் இப்படியா விசாரிப்பது?’ என்று அன்று நாம் எல்லோரும் கேட்டோம். அதே கேள்வியை நம் வீட்டிலும் பள்ளிவாசலிலும் நம்மை நோக்கியும் கேட்க வேண்டும்.

வீட்டில் எப்படிக் கேட்பது?

‘அவர் உன்னைத் தொட்டாரா? இங்கேயா? அங்கேயா?’ என்று கேட்காதீர்கள். ‘என்ன நடந்தது, சொல்லுங்க மகள்’ என்று கேளுங்கள். பிள்ளை நிறுத்தினால், ‘ம்... அதுக்குப் பிறகு?’ அவ்வளவு போதும். சிறுவர்களை விசாரிக்கப் பயிற்றப்பட்டவர்களும் இப்படித் திறந்த கேள்விகளோடுதான் தொடங்குகிறார்கள்.

பிள்ளை சொன்ன சொல்லையே, நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதோடு, அன்றே திகதி போட்டு எழுதி வையுங்கள். மாமியிடம் ஒருதடவை, வாப்பும்மாவிடம் ஒருதடவை, நிர்வாக சபையிடம் ஒருதடவை என்று திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னால் நிறுத்திக் கேட்காதீர்கள். குர்ஆனில் கைவைத்துச் சத்தியம் பண்ணு என்று பயமுறுத்தாதீர்கள். பயத்தில் வரும் ‘ஆம்’ போலவே, பயத்தில் வரும் ‘இல்லை’யும் பெறுமதியற்றது. அண்மையில் நடந்திருந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடுப்பைக் கழுவாமல், மாத்தளை பொது வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லுங்கள். நம் காலத்துச் ‘சட்டை’ அதுதான்.

2023 டிசம்பரில் சாய்ந்தமருதில் ஒரு மத்ரஸாவில் 13 வயது மாணவர் ஒருவர் இறந்து கிடந்தார். அதை நடத்திய மௌலவி கைதானார். கெமராப் பதிவுகள் அழிக்கப்பட்டதாக எழுந்த சந்தேகத்தில் வேறு சிலரும் கைதானார்கள். யார் குற்றவாளி என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அந்தச் செய்தியை வாசித்த எந்தத் தாய்க்கும் ஒன்று விளங்கும்: அத்தாட்சி அழிந்தால், பிள்ளைக்கு மட்டுமல்ல, குற்றமற்றவருக்கும் வழி அடைபடுகிறது.

பள்ளிவாசலில் பைசல் பண்ணலாமா?

முடியாது. இது குற்றவியல் விடயம். காதி நீதிமன்றத்துக்கும் இதில் அதிகாரம் இல்லை, நிர்வாக சபைக்கும் இல்லை. இதற்கென்றே 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. பொலிஸின் சிறுவர், மகளிர் பிரிவிலும், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.

‘நாலு சாட்சி எங்கே?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஸூரா நூர் அந்த நிபந்தனையை வைத்தது, பத்தினிப் பெண்கள்மீது பழி சுமத்துவோருக்கு எதிராக. பலவீனமானவரின் மானத்தைக் காக்க வந்த சட்டத்தைப் பலவீனமான பிள்ளையின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது எப்படி நியாயம்? நம் நாட்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி, ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு இல்லை. கேள்வியை விளங்கிப் பதில் சொல்லக்கூடிய பிள்ளை சாட்சி சொல்லலாம். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றில் காட்ட 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது.

‘புறம் பேசுவது ஆகாதே’ என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதைத் தடையிலிருந்து விலக்கியே ஸூரா நிஸாவின் 148ஆம் வசனம் பேசுகிறது. உரிய இடத்தில் சொல்வது முறைப்பாடு. வட்ஸ்அப் குழுமத்தில் பெயரும் படமும் போடுவதுதான் புறம். அதனால் பிள்ளையின் அடையாளமும் வெளியாகும், விசாரணையும் கெடும்.

விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைகளோடு தனித்திருக்காதபடி விலகியிருக்கட்டும். அது தீர்ப்பல்ல, பாதுகாப்பு. நல்ல மனிதருக்கு அது அவமானம் ஆகாதா என்று கேட்கலாம். யூஸுப் (அலை) அவர்களை விடுவிக்க அரசன் ஆள் அனுப்பியபோது, அவர்கள் உடனே வெளியேறவில்லை. முதலில் அந்தப் பெண்களின் விஷயத்தை விசாரிக்கச் சொன்னார்கள். விசாரணையால்தான் அவர்களுடைய பெயர் துலங்கியது. குற்றமற்றவருக்கு விசாரணை எதிரி அல்ல.

மாணவிகளே, உங்கள் தோழியோ தங்கையோ உங்களிடம் ஒன்று சொன்னால், அது உண்மையா பொய்யா என்று தீர்க்கும் பாரம் உங்களுடையது அல்ல. கேளுங்கள். இரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நம்பக்கூடிய ஒரு பெரியவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம். யாரும் கேட்காவிட்டால் 1929.

அந்தத் தாயை மீண்டும் சந்தித்தால் நான் சொல்லப்போவது இவ்வளவுதான்: யாரை நம்புவது என்று இன்றிரவே நீங்கள் முடிவெடுக்க வேண்டியதில்லை, தாத்தா. பிள்ளை சொன்னதை அதன் சொல்லிலேயே எழுதி வையுங்கள், நாளைக்கு ஓதலுக்கு அனுப்பாதீர்கள், விடிந்ததும் தெரிந்தவர்களிடம் கொண்டு போங்கள். சட்டையைப் பார்ப்பது அவர்களுடைய வேலை. அதைக் கழுவிவிடாமல் இருப்பது நம்முடைய வேலை.