'நோ சிக்னல்' வந்தால் போர்டு போச்சா, கேபிள் போச்சா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் 15 நிமிடத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. புதுசா வாங்கின சவுண்ட்பாரை மாட்டியாச்சு. செட்டாப் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சவுண்ட்பாருக்கு, அங்கிருந்து இன்னொரு கேபிள் டிவிக்கு. வீட்டில் எல்லாரும் சோபாவில் வந்து உட்கார்ந்தாச்சு. ரிமோட்டை அழுத்தினால் திரையில் ஒரே வாசகம்: 'நோ சிக்னல்'. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு, எதையாவது நோண்டிட்டியா?" என்று அப்பாவின் குரல்.

அடுத்து மெக்கானிக்குக்கு போன் போகும். வருபவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மெயின் போர்டு போயிருச்சு சார்" என்று சொன்னால் செலவு ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் கெட்டுப்போனது டிவியும் இல்லை, பாக்ஸும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நடக்கும் பேச்சுவார்த்தைதான் அறுந்திருக்கும். அது எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர்கூட தேவையில்லை.

கேபிளுக்குள் என்ன நடக்கிறது?

பழைய டிவிடி பிளேயரில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் இருந்தது நினைவிருக்கிறதா? அதில் மாட்டினால் படம் அப்படியே ஓடும், கேள்வி கேட்காது. எச்.டி.எம்.ஐ. அப்படி இல்லை. சோனி, பானசோனிக், பிலிப்ஸ், தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 2002 டிசம்பரில் அறிமுகப்படுத்திய இந்த இணைப்பில் மொத்தம் 19 பின்கள். படம் வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் சில விஷயங்களைப் பேசி முடிக்க வேண்டும்.

முதலில் செட்டாப் பாக்ஸ் 18-வது பின் வழியாக 5 வோல்ட் அனுப்பும். "நான் இங்கேதான் இருக்கேன்" என்று டிவி 19-வது பின் வழியாகப் பதில் தரும். அடுத்து பாக்ஸ், டிவியிடமிருந்து இ.டி.ஐ.டி. என்ற சின்ன தகவல் தொகுப்பைப் படிக்கும். எந்த ரெசல்யூஷன் தாங்கும், எந்த ஒலி வடிவம் தெரியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு எச்.டி.சி.பி. எனும் காப்புரிமைப் பூட்டுக்கான சாவிச் சரிபார்ப்பு. இவையெல்லாம் சில நொடிகளில் முடிந்தால்தான் படம். நடுவில் ஏதாவது ஒன்று தடுக்கினாலும் கறுப்புத் திரைதான்.

முதல் ஐந்து நிமிடம்: சுவர் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

சவுண்ட்பாரோ ரிசீவரோ நடுவில் இருந்தால், இன்புட் தேர்வை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். டிவியில் சரியான எச்.டி.எம்.ஐ. எண் இருக்கிறதா, ரிசீவரில் சரியான இன்புட் இருக்கிறதா? பலரும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

அடுத்து, எல்லாக் கருவிகளையும் சுவர் பிளக்கிலேயே அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் அது ஸ்டாண்ட்பைதான். பழைய பேச்சுவார்த்தையின் நினைவு உள்ளேயே தங்கியிருக்கும். இரண்டு நிமிடம் கழித்து, கேபிளின் இரு முனையையும் கழற்றி அழுத்தமாக மாட்டுங்கள். பிறகு முதலில் டிவி, அடுத்து சவுண்ட்பார் அல்லது ரிசீவர், கடைசியாக செட்டாப் பாக்ஸ் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். பாக்ஸ் கண் விழிக்கும்போது டிவி ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வரிசைக்குக் காரணம்.

இதிலேயே சரியாகிவிட்டால் நல்லது. தினமும் இதையே செய்ய வேண்டியிருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

சங்கிலியைப் பிரித்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான சோதனை. விதி ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றினால், எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது.

முதலில், நடுவில் இருக்கும் சவுண்ட்பாரை விட்டுவிட்டு பாக்ஸை நேராக டிவியில் மாட்டுங்கள். படம் வந்துவிட்டதா? அப்படியானால் சிக்கல் சவுண்ட்பாரிலோ, கூடுதலாகப் போட்ட கேபிளிலோதான். வரவில்லையென்றால் டிவியின் வேறு எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் அதே கேபிளை மாட்டுங்கள். அங்கே வந்தால் பழைய போர்ட்டில்தான் கோளாறு. அதிலும் வரவில்லையா? வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்புறமும் இல்லையென்றால், லேப்டாப்பை அதே கேபிளில், அதே போர்ட்டில் மாட்டுங்கள். லேப்டாப் படம் தெரிந்தால் டிவி நலம், பாக்ஸில்தான் கோளாறு.

எந்த போர்ட்டிலும், எந்தக் கருவியிலும், எந்தக் கேபிளிலும் வரவில்லை. ஆனால் டிவிக்குள் இருக்கும் யூடியூப் செயலி மட்டும் நன்றாக ஓடுகிறது என்றால்? திரைப் பேனலுக்கு ஒன்றுமில்லை, எச்.டி.எம்.ஐ. பகுதியில்தான் பிரச்சினை என்று அர்த்தம். இந்த ஒரு வரியை மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், "பேனலே போயிருச்சு" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

அறிகுறியை வைத்தே ஆளைப் பிடிக்கலாம்

திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன, அல்லது சில நொடிக்கு ஒருமுறை படம் போய்ப் போய் வருகிறது: முதல் சந்தேகம் கேபிள்மேல். 1080பி படத்தை நொடிக்கு 60 பிரேமில் அனுப்ப சுமார் 4.5 ஜிகாபிட் போதும். அதே 60 பிரேமில் முழுத் தரமான 4கே-வுக்கு நொடிக்குச் சுமார் 18 ஜிகாபிட் தேவை, அதாவது நான்கு மடங்கு. "இதே கேபிள்தானே பழைய டிவியில ஓடிச்சு" என்ற வாதம் இங்கேதான் தோற்கிறது. பாக்ஸ் செட்டிங்கில் 1080பி-க்கு இறக்கிப் பாருங்கள். மின்னல் நின்றுவிட்டால், கேபிள்தான் 4கே-வைத் தாங்க முடியாமல் திணறுகிறது என்று கிட்டத்தட்ட உறுதி. சுவருக்குள் குழாய் போட்டு இழுத்த நீளமான கேபிள்களில் இந்தச் சிக்கல் அதிகம்.

படம் முழுக்க பச்சையாகவோ பிங்க் நிறமாகவோ தெரிகிறது: ஒரு கருவி ஒரு நிற வடிவத்தில் அனுப்ப, இன்னொன்று வேறு வடிவமாகப் புரிந்துகொள்கிறது. பாக்ஸின் வீடியோ செட்டிங்கில் நிற வடிவத்தை 'ஆட்டோ' அல்லது ஆர்.ஜி.பி.க்கு மாற்றிப் பாருங்கள். கேபிள் சரியாக உட்காராவிட்டாலும் இப்படி வரலாம்.

படம் வருகிறது, ஆனால் 4கே வரவில்லை: டிவி மெனுவுக்குள் போங்கள். பல டிவிகளில் முழு வேகம் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக ஆன் செய்ய வேண்டிய ஒன்று. சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'அல்ட்ரா எச்.டி. டீப் கலர்', சோனியில் 'எச்.டி.எம்.ஐ. சிக்னல் ஃபார்மட்' என்று பெயர்தான் வேறு.

செட்டிங் மாற்றப் போய் திரையே கறுப்பாகிவிட்டது: பதறாதீர்கள். பிளேஸ்டேஷன் 5-ஐ முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது 'பீப்' கேட்கும்வரை, சுமார் 7 நொடி, அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். அங்கே ரெசல்யூஷனை மாற்றலாம். ஃபயர் டிவி ரிமோட்டில் மேல் அம்புக்குறியையும் ரீவைண்ட் பட்டனையும் சேர்த்து 5 நொடி அழுத்தினால், அது ஒவ்வொரு ரெசல்யூஷனாகக் காட்டிக்கொண்டே போகும். படம் தெரிந்த இடத்தில் தேர்வு செய்துகொள்ளுங்கள்.

காசு கொடுத்துப் பார்ப்பவருக்கு ஏன் கறுப்புத் திரை?

மெனு தெரிகிறது, டிரெய்லரும் ஓடுகிறது. ஆனால் படத்தைத் தொட்டால் மட்டும் திரை கறுப்பு, அல்லது எச்.டி.சி.பி. பிழை என்ற செய்தி. இது கேபிள் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. இங்கே பூட்டுதான் பொருந்தவில்லை.

எச்.டி.சி.பி. என்பது இன்டெல் உருவாக்கிய நகல் தடுப்பு முறை. ஓ.டி.டி. தளங்களின் 4கே படங்களுக்குப் பொதுவாக எச்.டி.சி.பி. 2.2 தேவை. சங்கிலியில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். புது டிவி, புது பாக்ஸ், நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் பழைய ரிசீவர் என்றால், அந்த ஒரு கருவிக்காக மொத்தச் சங்கிலியும் 1080பி-க்கு இறங்கலாம், அல்லது படமே நின்றுபோகலாம்.

இதில் ஒரு முரணும் உண்டு. இந்தப் பூட்டின் பழைய பதிப்புக்கான முதன்மைச் சாவி 2010-லேயே இணையத்தில் கசிந்துவிட்டது. இன்டெலும் அதை உறுதி செய்தது. திருட்டுத்தனமாகப் பார்ப்பவருக்கு இந்தக் கறுப்புத் திரை தெரியாது. சந்தா கட்டி, கருவி வாங்கி, நேர்மையாகப் பார்ப்பவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்.

தீர்வுக்குப் புது ரிசீவர் வாங்க வேண்டியதில்லை. பாக்ஸை நேராக டிவியில் மாட்டுங்கள். ஒலியை மட்டும் டிவியிலிருந்து ரிசீவருக்கு 'ஆர்க்' வழியாகவோ ஆப்டிகல் கேபிள் வழியாகவோ அனுப்புங்கள்.

படம் ஓகே, சவுண்ட்பார் மட்டும் ஊமை

2009-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4-ல்தான் 'ஆர்க்' வசதி அறிமுகமானது. டிவியின் ஒலி அதே கேபிளில் திரும்பி சவுண்ட்பாருக்குப் போகும் வழி இது. பெரும்பாலான டிவிகளில் ஒரே ஒரு போர்ட்டில்தான் இது இருக்கும். பின்னால் எட்டிப்பார்த்து எழுத்தைப் படித்து மாட்டுங்கள். சவுண்ட்பார் பக்கத்திலும் அதற்கென்று குறித்த போர்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

அடுத்து மெனுவில் சி.இ.சி. ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்ளிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்' என்று ஒளிந்திருப்பது இதுதான். பல டிவிகளில் இதை அணைத்தால் ஆர்க்கும் வேலை செய்யாது. அப்புறமும் சத்தம் இல்லையென்றால், டிவியின் ஒலி வெளியீட்டை 'பி.சி.எம்.' என்று மாற்றிப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால், டிவி அனுப்பிய ஒலி வடிவம் சவுண்ட்பாருக்குப் புரியவில்லை என்று பொருள்.

"அட்மாஸ் வேணும்னா இ-ஆர்க் கண்டிப்பா வேணும்" என்பார்கள். பாதிதான் சரி. ஓ.டி.டி. தளங்கள் தரும் அட்மாஸ், சாதாரண ஆர்க்கிலேயே போகும். புளூ-ரேயில் இருக்கும், தரம் குறையாத வடிவத்துக்குத்தான் இ-ஆர்க் தேவை.

'2.1' லேபிளை நம்பி வாங்கலாமா?

கணக்கு இதுதான்: 1.4-க்கு நொடிக்கு 10.2 ஜிகாபிட், 2013-ல் வந்த 2.0-க்கு 18, 2017-ல் வந்த 2.1-க்கு 48 வரை. ஆனால் பெட்டியில் 2.1 என்று இருப்பதாலேயே 48 கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 2.0 என்ற தனிப் பிரிவு இனி இல்லை, அதன் திறன்களெல்லாம் 2.1-க்குள்ளேயே அடக்கம் என்று உரிமம் வழங்கும் அமைப்பே 2021 இறுதியில் விளக்கம் சொல்லிவிட்டது. அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி "2.1 இருக்கா?" அல்ல. "4கே 120 ஹெர்ட்ஸ் வருமா? எத்தனை போர்ட்ல வரும்? இ-ஆர்க் எந்த போர்ட்ல இருக்கு?" என்று கேளுங்கள்.

கேபிளுக்கும் இதே கதைதான். பதிப்பு எண்ணைப் பார்க்காதீர்கள். 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்றால் 18 ஜிகாபிட், 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்றால் 48. அசல் சான்று பெற்ற பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் ஒட்டியிருக்கும். தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளால் நிறம் கூடுதலாகப் பளிச்சிடாது. இது டிஜிட்டல்; பிட் சரியாகப் போய்ச் சேர்ந்தால் எல்லாக் கேபிளிலும் ஒரே படம்தான். நீண்ட தூரத்துக்கு ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வாங்கினால் ஒரு எச்சரிக்கை: அதற்குத் திசை உண்டு. எந்த முனை டிவிக்கு என்று எழுதியிருக்கும். திருப்பி மாட்டினால் படமே வராது. குழாய்க்குள் இழுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

எப்போது உண்மையிலேயே போர்டு?

இடி மின்னலுக்குப் பிறகு எல்லா போர்ட்டும் ஒரே நேரத்தில் செத்துவிட்டால் சந்தேகம் நியாயம்தான். மின்சார பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் அல்லது கேபிள் டிவி ஒயர் வழியாகவும் அதிர்ச்சி மின்னோட்டம் பாக்ஸுக்குள் வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவியைத் தாக்கலாம். மழைக்காலத்தில் இரண்டையும் கழற்றி வைப்பது நல்லது. ஒரு போர்ட் மட்டும் செத்திருந்தால், மற்ற போர்ட்டைப் பயன்படுத்திக்கொண்டு செலவைத் தள்ளிப்போடலாம். வாரன்டி இருந்தால், வெளியாள் திறக்கும் முன் நிறுவனத்தின் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் முடித்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "டிவி வரலைங்க" என்று சொல்வதற்குப் பதில், "லேப்டாப்பை மாட்டினா வருது, செட்டாப் பாக்ஸ் மாட்டினாதான் வரலை. கேபிளும் மாத்திப் பார்த்துட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று உங்களுக்கும் தெரியும்.