ஒரு பெயரும் இரு கைகளும்: கணவன் மனைவி இணைந்தெழுதிய காதல் புதினங்களில் ஆசிரியர் பெயரமைப்பு

1. முன்னுரை

நூலின் அட்டையில் அச்சாகும் ஆசிரியர் பெயரை வாசகர் ஒரு செய்தியாகவே கொள்கின்றனர். 'இந்நூலை எழுதியவர் இவர்' என்னும் தொடரின் சுருக்கமாக அப்பெயர் நிற்கிறது. ஒருவர் தனித்து எழுதும்போது இதனால் சிக்கல் எழுவதில்லை. இருவர் சேர்ந்து எழுதும்போது நிலைமை வேறாகிறது. அவ்விருவரும் கணவன் மனைவியாக அமையும்போது குடும்பப் பெயர் ஒன்றாகிவிடுவதால் சிக்கல் மேலும் கூடுகிறது.

காதல் புதினத் துறையில் இத்தகைய இணையர் பலர் உள்ளனர். அவர்களுடைய நூல்களில் ஆசிரியர் பெயர் எவ்வாறு அமைக்கப்பட்டது, அவ்வமைப்பு எதை வெளிப்படுத்தியது, எதை மறைத்தது என்பவற்றை இக்கட்டுரை மொழியியல் நோக்கில் விளக்குகிறது. 'ஆஞ்செலிக்' வரிசைப் புதினங்களை எழுதிய கோலோன் இணையர் இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றனர்.

2. பெயரமைப்பின் வகைகள்

இணையரின் ஆசிரியர் பெயர்களை அமைப்பு அடிப்படையில் நான்காகப் பகுக்கலாம்.

முதல் வகை, இரு பெயர்களையும் இணைப்புச் சொல்லால் தொடுப்பது. தமிழில் எண்ணும்மை செய்யும் பணியை இங்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் தனி இடைச்சொல்லால் செய்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றிருந்த ஆங்கில இணையர் சார்லஸ் நாரிஸ் வில்லியம்சனும் ஆலிஸ் மூரியல் வில்லியம்சனும் ஆவர். மோட்டார் வண்டிப் பயணத்தையும் காதலையும் இணைத்து அவர்கள் வெளியிட்ட 'தி லைட்னிங் கண்டக்டர்' 1902இல் வந்தது. அட்டைகளில் அவர்கள் 'சி. என். அண்ட் ஏ. எம். வில்லியம்சன்' எனத் தலைப்பெழுத்துகளாலேயே குறிக்கப்பட்டனர். இருவர் என்பது இதனால் தெரியும். ஒருவர் பெண் என்பது தெரியாது.

இரண்டாம் வகை, இணைப்புச் சொல்லை நீக்கி இரு பெயர்களையும் ஒட்டுவது. கோலோன் இணையரின் ஆங்கிலப் பதிப்புகளில் இடம்பெற்ற 'செர்ஜான் கோலோன்' இவ்வகையினது. செர்ஜ் என்பது கணவர் பெயர். ஆன் என்பது மனைவி பெயர்.

மூன்றாம் வகை, ஒருவர் பெயரை இயற்பெயரின் இடத்திலும் மற்றவர் பெயரைக் குடும்பப் பெயரின் இடத்திலும் வைப்பது. அமெரிக்காவில் காதலும் மாயமும் கலந்த புதினங்களை எழுதிவரும் 'இலோனா ஆண்ட்ரூஸ்' இதற்குச் சான்று. இலோனா மனைவி; ஆண்ட்ரூ கணவர். இவர்களுடைய முதல் நூல் 2007இல் வெளிவந்தது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் இறுதியில் வரும் சகரம் பல இடங்களில் பழைய ஆறாம் வேற்றுமை உருபின் எச்சமாகும். ஆகவே இப்பெயரைப் பகுத்து நோக்கின் அது 'ஆண்ட்ரூவின் இலோனா' என்னும் வடிவத்தை ஒத்திருப்பதைக் காணலாம்.

நான்காம் வகை, இருவர் பெயரோடும் தொடர்பற்ற புனைபெயர். ஷரோன் கர்ட்டிஸ், டாம் கர்ட்டிஸ் என்னும் அமெரிக்க இணையர் 'லாரா லண்டன்' என்ற பெண்பெயரில் எழுதினர். 1984இல் வெளிவந்த 'தி விண்ட்ஃப்ளவர்' இப்பெயரில் அமைந்த புகழ்பெற்ற நூல். இங்கு மறைந்து நிற்பது ஆணின் பங்கு.

இந்நான்கனுள் முதல் வகை மட்டுமே எழுதியோர் இருவர் என்பதை வெளிப்படையாகக் கூறுகிறது. ஏனைய மூன்றும் ஒருமைப் பெயர்களாகவே வழங்குகின்றன.

3. பலர்பால் ஈறும் ஒட்டுப்பெயரும்

இரண்டாம் வகையைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு நோக்குவது பயன் தரும். இரு பெயர்கள் உம் தொக்கு நிற்பது உம்மைத்தொகை. உயர்திணையில் வரும் உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெறும் எனத் தொல்காப்பியமும் நன்னூலும் விதிக்கின்றன. 'கபிலபரணர்' என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. இத்தொகையில் உம் மறைந்தாலும் ஈறு பன்மையை உணர்த்திவிடுகிறது. கேட்போர் இதனை ஒருவர் பெயராகக் கொள்ள வாய்ப்பில்லை.

ஆங்கிலத்தில் மக்கட்பெயர்த் தொகைக்கு இத்தகைய ஈறு கட்டாயமன்று. எனவே 'செர்ஜான்' என்ற தொகை பன்மைக் குறியின்றி நிற்கிறது. இரு மனிதர் ஒரு மனிதராகத் தோன்றுகின்றனர். தமிழிலும் இலக்கண மரபுக்கு வெளியே அமையும் இக்காலப் புனைபெயர்கள் இவ்வாறே இயங்குகின்றன. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்னும் நண்பர் இருவர் தம் பெயர்களின் முதற்பகுதிகளைச் சேர்த்து அமைத்துக்கொண்ட 'சுபா' என்ற பெயர், அறியாதார்க்கு ஒரு பெண்ணின் பெயராகவே தோன்றும். ஆயின் அப்பெயரில் இருவர்க்கும் ஓரளவான பங்கே கிடைக்கிறது.

4. கோலோன் இணையர்

ஆன் கோலோன் 1921இல் பிரான்சின் தூலோன் நகரில் பிறந்தவர். அவருடைய இயற்பெயர் சிமோன் ஷாஞ்சோ. இளமையிலேயே எழுத்தாளராகவும் இதழாளராகவும் இயங்கிய அவர், ஆப்பிரிக்காவிற்குச் சென்றபோது, 1903இல் புகாராவில் பிறந்து பிரான்சில் குடியேறியிருந்த விசேவலோத் செர்கேயெவிச் கொலூபினோவ் என்னும் நிலவியல் அறிஞரைச் சந்தித்து மணந்துகொண்டார். கொலூபினோவ் என்ற குடும்பப் பெயரின் குறுக்கமே 'கோலோன்'. கணவரின் இயற்பெயர் விசேவலோத் என்பதும், 'செர்ஜ்' என்பது 'செர்கேயெவிச்' என்ற தந்தைவழிப் பெயரோடு தொடர்புடையது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கன. எனவே அட்டையில் காணும் ஆன், செர்ஜ், கோலோன் ஆகிய மூன்று உறுப்புகளுமே பிறப்புப் பதிவில் இருந்தவாறு வந்தவையல்ல.

பதினான்காம் லூயி மன்னர் காலத்துப் பிரான்சைக் களமாகக் கொண்ட 'ஆஞ்செலிக்' புதினத்திற்கு இருவரும் வெர்சாயில் தங்கி வரலாற்றுச் செய்திகளைத் திரட்டினர். ஆவணங்களைத் தேடித் தருவதில் கணவர் துணைநின்றார். கதையை அமைத்து எழுதியவர் மனைவி. இதனை ஆன் கோலோன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறிவந்தார்.

ஆனால் நூல்கள் வெளிவந்த முறை வேறு. 1956இல் வந்த ஜெர்மன் பதிப்பில் 'ஆன் கோலோன்' என ஒரு பெயரே இருந்தது. 1957இல் வந்த பிரெஞ்சுப் பதிப்பு ஆன், செர்ஜ் இருவரையும் இணைத்துக் குறித்தது. ஆங்கிலப் பதிப்புகள் 'செர்ஜான் கோலோன்' என்ற ஒட்டுப்பெயரைத் தாங்கின. கதை ஒன்றே, எழுதிய கையும் ஒன்றே. எனினும் ஜெர்மன் வாசகர்க்கு ஆசிரியர் ஒரு பெண். பிரெஞ்சு வாசகர்க்கு ஓர் இணையர். ஆங்கில வாசகர்க்கு ஆணா பெண்ணா எனத் தெரியாத ஒருவர். பிரெஞ்சுப் பெயரமைப்பில் முதலில் நின்ற மனைவி பெயர் ஆங்கில ஒட்டில் கணவர் பெயருக்குப் பின்னொட்டுப் போலாயிற்று என்பதும் நோக்கத்தக்கது.

1964 முதல் 1968 வரை இக்கதைகள் ஐந்து திரைப்படங்களாக வந்து பல நாடுகளில் பரவின. 1972இல் செர்ஜ் கோலோன் கனடாவில் மறைந்தார். தொடர் அதனோடு நின்றுவிடவில்லை. ஆன் கோலோன் தொடர்ந்து எழுதி, பதின்மூன்றாம் நூலை 1985இல் வெளியிட்டார். யார் எழுதியது என்ற வினாவிற்கு இப்பதின்மூன்று ஆண்டுகளே தக்க விடை எனலாம். பின்னர், தமக்குரிய உரிமைகளுக்காக அவர் பிரெஞ்சுப் பதிப்பு நிறுவனம் ஒன்றோடு நீண்டகாலம் வழக்காட நேர்ந்தது. 2004இல் உடன்பாடு ஏற்பட்டு உரிமைகள் அவரிடம் வந்தன. அதன்பின் அவர் பழைய நூல்களைத் திருத்தியும் விரித்தும் தம் பெயரில் மட்டும் வெளியிடலானார். 2017இல் 95ஆம் வயதில் அவர் மறைந்தார். தம் நூலின்மீது தம் பெயர் தனித்து நிற்பதைக் காண அவருக்குப் பிரான்சில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

5. கூற்றும் எழுதிய கையும்

காதல் புதினத்தை இணையர் எழுதினர் என்றவுடன், தலைவியின் பகுதியை மனைவியும் தலைவனின் பகுதியைக் கணவரும் எழுதியிருப்பர் எனக் கருதுவது இயல்பு. வில்லியம்சன் இணையரின் 1902ஆம் ஆண்டுப் புதினம் கடிதங்களால் ஆனது. தலைவி எழுதும் கடிதங்களும் தலைவன் எழுதும் கடிதங்களும் அதில் உண்டு. ஆகவே அக்கருத்திற்கு அந்நூல் இடம் தருவது போலத் தோன்றும். ஆனால் கதை எழுதும் ஆற்றல் தமக்கே உரியது, கணவருக்கு அஃது இல்லை என்ற பொருளில் ஆலிஸ் வில்லியம்சன் கூறியதாகக் குறிப்பு உண்டு. 1920இல் கணவர் மறைந்தபின்னும் அவர் புதினங்கள் எழுதினார். அக்கூற்று முழுமையும் உண்மையாயின் தலைவன் கடிதங்களும் அவர் எழுதியனவே ஆகும்.

தமிழ் அகமரபை அறிந்தார்க்கு இது வியப்பளிக்காது. அகப்பாடலில் பேசுவோர் தலைவன், தலைவி, தோழி முதலியோர். புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி கூற்றாக அமைந்த பாடல்களை ஆண்பாற் புலவர் பலர் பாடியுள்ளனர். கூற்று நிகழ்த்தும் மாந்தரின் பாலைக் கொண்டு புலவரின் பாலைத் துணிதல் இயலாது என்பதற்கு அம்மரபே போதிய சான்று.

6. சொல்லெண்ணிக்கை ஆய்வின் எல்லை

ஆசிரியர் யார் என்பதைச் சொற்களின் பயில்வைக் கணக்கிட்டு அறியும் முறை மொழியியலில் உண்டு. அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1787-88இல் வெளிவந்த கட்டுரைகளுள் ஐயத்திற்குரிய பன்னிரண்டும் மேடிசன் எழுதியவை என்ற முடிவை, மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் புள்ளியியல் அறிஞர்கள் 1964இல் வெளியிட்ட ஆய்வு வலியுறுத்தியது. பொருட்சொற்களைவிட, எழுதுவோர் தம்மையறியாது பயன்படுத்தும் இலக்கணச் சொற்களே அதில் பெரிதும் துணைசெய்தன.

இம்முறைக்கு ஒவ்வொருவரும் தனித்து எழுதிய மாதிரிகள் வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, அதனை முதல்வர் மீண்டும் மாற்றி எழுதும் இல்லத்தில் அத்தகைய மாதிரி கிடைப்பது அரிது. கோலோன் நூல்களில் 1972க்கு முந்தியவற்றையும் பிந்தியவற்றையும் ஒப்பிடலாம். ஆயினும் அவ்வொப்பீடு பிரெஞ்சு மூலத்தில் மட்டுமே செல்லும். மொழிபெயர்ப்பில் இலக்கணச் சொற்கள் மொழிபெயர்ப்பாளருடையவை. மேலும், வேறுபாடு காணப்படினும் அது கணவர் இன்மையால் வந்ததா, ஆசிரியரின் நடை காலப்போக்கில் மாறியதால் வந்ததா எனப் பிரித்தறிதல் எளிதன்று.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால், இணையரின் ஆசிரியர் பெயர் அவர்களிடையே நிகழ்ந்த உழைப்புப் பகிர்வை உணர்த்துவதில்லை என்பது பெறப்படும். பெயரின் வடிவைத் தீர்மானிப்பவை மொழியின் தொகையமைப்பும், குடும்பப் பெயர் வழக்கும், பதிப்பாளரின் நோக்கமும் ஆகும். அதே வேளையில் உரிமையும் ஊதியமும் புகழும் அப்பெயரைப் பற்றியே நிற்கின்றன.

செர்ஜ் கோலோனின் பங்கு சிறிதன்று. சான்றுகள் இன்றி வரலாற்றுப் புதினம் இல்லை. ஆனால் செய்தி திரட்டுதலும் கதை எழுதுதலும் வெவ்வேறு பணிகள். அவ்விரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கியதே சிக்கலின் வேர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் பிரித்துரைத்த மரபு தமிழுக்கு உண்டு. பாடியவர் பெயர்களோ பாடல்களோடு தனியே நிற்கின்றன. பணிக்கேற்பப் பெயரைக் குறிக்கும் இவ்வழக்கம், கணவனும் மனைவியும் இணைந்து எழுதும் நூல்களுக்கும் பொருந்தும். அவ்வாறு செய்யின் ஒருவர் பங்கைப் போற்றுவதற்காக மற்றவர் பெயரைக் கரைக்க வேண்டிய நிலை எழாது.