960 விதமாக ஆரம்பிக்கலாம் செஸ்!

செஸ் ஆடத் தெரியுமா, குட்டீஸ்? அப்படியானால் இந்தத் தொல்லையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிரே இருப்பவர் யோசிப்பதே இல்லை. முதல் பத்து நகர்த்தல்களைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்துவிட்டு வந்து மடமடவென்று ஆடுகிறார். நீங்களோ ஒவ்வொன்றுக்கும் மூளையைக் கசக்குகிறீர்கள். கடைசியில் தோற்பது யார்? நீங்கள்தான்!

இந்தக் கவலை உலக சாம்பியன்களுக்கே வந்தது. கியூபா நாட்டின் கபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை சாம்பியன். பெரிய வீரர்களுக்கு எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டதால் இனி ஆட்டங்கள் டிராவில்தான் முடியும் என்று பயந்தார். பலகையை 80 கட்டமாக்கி, இரண்டு புதுக் காய்களைச் சேர்த்தார். ஒன்று யானை போலவும் குதிரை போலவும் போகும். மற்றது மந்திரி போலவும் குதிரை போலவும் போகும். கேட்க ஜோர்தான். ஆனால் அந்தப் பலகைக்கும் காய்க்கும் நாம் எங்கே போவது?

அமெரிக்காவின் பாபி ஃபிஷர், 1972இல் உலக சாம்பியன் ஆனவர், இன்னும் எளிய வழி கண்டுபிடித்தார். 1996இல் அர்ஜென்டினாவில் அதை அறிவித்தார். பலகை அதேதான், காய்களும் அவையேதான். சிப்பாய்களுக்குப் பின்னால் நிற்கும் வரிசையை மட்டும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கலைத்துப் போட வேண்டும்! மனப்பாடம் செய்தவர் என்ன செய்வார்?

நிஜமாகவே திண்டாடுவார்களா? 2019இல் இந்த ஆட்டத்துக்கான உலகப் போட்டி நார்வேயில் நடந்தது. அப்போது வழக்கமான செஸ்ஸில் உலக சாம்பியன் நார்வே வீரர் கார்ல்சன். சொந்த நாட்டிலேயே, அமெரிக்காவின் வெஸ்லி ஸோவிடம் இறுதிப் போட்டியில் தோற்றார்!

ஒரு பகடை இருந்தால் நீங்களும் ஆடலாம். முதலில் ஒரு மந்திரி. அதற்குக் கறுப்புக் கட்டங்கள் நான்கு. பகடையில் விழும் எண்ணை இடமிருந்து எண்ணி வையுங்கள். 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். இரண்டாவது மந்திரிக்கும் இப்படியே, வெள்ளைக் கட்டத்தில். மீதி ஆறில் ஒன்று ராணிக்கு. அடுத்து, காலியான ஐந்தில் இரண்டு குதிரைகள். மிச்சம் மூன்று கட்டம். யானை, ராஜா, யானை என்று அதே வரிசையில் வையுங்கள். ராஜா எப்போதும் இரு யானைகளுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். கறுப்புக் காய்கள் நேர் எதிரே, அதே மாதிரி.

கணக்குப் புலிகளுக்கு: மந்திரிகளுக்கு 4 × 4, ராணிக்கு 6, குதிரைகளுக்கு 10 வழி. பெருக்கினால் 960! அதில் ஒன்றே ஒன்றுதான் நாம் வழக்கமாக அடுக்கும் வரிசை. பகடையில் அதுவே விழுந்தால்? விடுங்கள், இன்னொரு தடவை உருட்டிக்கொள்ளலாம்.