பல பிரதி, ஒரு பாடம்

ஒரு நூலுக்குப் பிரதி ஒன்றே உளதாயின், அஃது அழிந்துவிடுமோ என்னும் அச்சம் ஒன்றே உண்டு. பிரதிகள் பலவாயின், அவை தம்முள் மாறுபட்டுவிடுமோ என்னும் வேறோர் அச்சம் தோன்றுகின்றது. முன்னையதன் கொடுமையை ஈழத்துத் தமிழர் 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கண்டனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கு அழிந்தன. அச்சில் வந்த நூல்களுட் பல வேறிடங்களிலிருந்து மீளப் பெறப்பட்டன. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் மீண்டில. பின்னையது இவ்வாறு தீயும் புகையுமாக வருவதன்று. ஓசையின்றி, ஒருவரும் அறியாத வகையில், நாடோறும் நிகழ்வது. கணினி வீடுதோறும் புகுந்துவிட்ட இக்காலத்தில் ஒரே கோப்பு பாடசாலைக் கணினியில் ஒன்றும், வீட்டில் ஒன்றும், பென் டிரைவில் ஒன்றும், கைத்தொலைபேசியில் ஒன்றுமாகக் கிடக்கின்றது. அவற்றுள் எது உண்மைப் பாடம் என்னும் வினா, ஏடு பரிசோதித்த அறிஞர்க்கு மட்டும் உரியதாயிருந்த நிலை மாறி, புள்ளிப்பட்டியல் எழுதும் ஒவ்வோர் ஆசிரியர்க்கும் உரியதாயிற்று.

இவ்வினாவிற்கு மிகப் பழைய, மிகச் செவ்விய விடையொன்று திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலேயே உண்டு. ஒரு துறையின் கடல்வரைபடம் ஒன்றன்று. அதன் பிரதிகள் உலகெங்கும் நூற்றுக்கணக்கான கப்பல்களில் உள்ளன. துறைவாயிலில் ஒரு மிதவை இடம் மாறினாலும், ஒரு வெளிச்சவீட்டின் ஒளிமுறை மாறினாலும், கடலடியில் ஒரு கப்பலின் சிதைவு புதிதாகக் காணப்பட்டாலும், அப்பிரதிகள் அத்தனையும் திருந்தவேண்டும். திருந்தாத ஒரு பிரதியை நம்பி வரும் கப்பல் பாறையில் மோதும். பிரித்தானியக் கடற்படையின் நீரளவைப் பகுதி 1795ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அது 1834 முதல் மாலுமிகளுக்கான அறிவித்தல்களை வெளியிட்டு வருகின்றது. கிழமைதோறும் வரும் அவ்வறிவித்தல்களில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண் உண்டு. கப்பலின் அதிகாரி அதனைத் தம்மிடமுள்ள படத்தில் ஊதா மையால் எழுதி, படத்தின் இடப்பக்கக் கீழ்மூலையில் ஆண்டையும் எண்ணையும் பதிந்துவைப்பார்.

இம்முறையின் நுட்பம் ஒரு சிறு குறிப்பில் அடங்கியுள்ளது. ஒரு படத்துக்குரிய திருத்தத்தை வெளியிடும்போது, அதே படத்துக்கு அதற்குமுன் வந்த திருத்தத்தின் எண்ணும் உடன் குறிக்கப்படுகின்றது. அதிகாரி கீழ்மூலையை நோக்குகிறார். முந்திய எண் அங்கிருப்பின் புதியதைச் சேர்க்கலாம். இல்லையேல், இடையில் ஒன்று தவறிவிட்டது என்பது அக்கணமே புலப்படும். திருத்தத்தை அனுப்புவது எளிது. ஒன்று தவறிற்று என்பதைத் தவறவிட்டவரே கண்டுகொள்ளும்படி அனுப்புவதே அரிது. இன்று மின்னணுக் கடற்படங்களுக்கு வரும் திருத்தங்களும் வரிசை எண்ணோடே வருகின்றன. இடையில் ஓர் எண் இல்லாவிடின் கப்பலிலுள்ள கருவி அடுத்ததை ஏற்றுக்கொள்வதில்லை. வங்கிகளும் பெருநிறுவனங்களும் தங்கள் தரவுத்தளங்களின் பிரதிகளைத் தொலைவிலுள்ள கணினிகளில் ஒத்துவைத்திருப்பது பெரும்பாலும் இம்முறையினாலேயாம்: மாற்றங்களை வரிசைப்படுத்தி ஒரு பதிவேட்டில் எழுதுதல், அப்பதிவேட்டை அனுப்புதல், பெறுமிடத்தில் அதே வரிசையில் மீளச் செய்தல்.

எனினும் கடற்படத்துக்கு உள்ள வசதி ஏனையவற்றுக்கு இல்லை. படத்தைத் திருத்தும் அதிகாரம் உடையோர் ஒருவரே. கப்பல்கள் யாவும் பெறுவன மாத்திரமே. எழுதுங் கை ஒன்றாயும் படிக்குங் கண் பலவாயும் உள்ள இடத்தில் ஒத்திசைவு ஒரு நிருவாக வேலை. எழுதுங் கைகளே பலவாகும்போதுதான் அது அறிவுக்குரிய சிக்கலாகின்றது.

மாவட்டத்தின் தென்கோடியில், வெருகலை அண்டிய ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை முகத்துவாரம் முதலிய ஊர்களில் பணியாற்றும் ஓர் ஆசிரியரை எண்ணிக்கொள்க. வகுப்பின் புள்ளிப்பட்டியல் பாடசாலைக் கணினியில் உள்ளது. வெள்ளிக்கிழமை அதனைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு நகரத்திலுள்ள வீட்டுக்கு வருகிறார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுமுன் இப்பயணத்தில் துறைகளைப் படகாற் கடக்க வேண்டியிருந்ததென்பதை இளைஞர் பலர் அறியார். பிரதிகள் ஒன்றையொன்று சந்திப்பதற்கே அக்காலத்தில் நெடுநேரம் வேண்டியிருந்தது. வீட்டில் அவர் கணிதப் புள்ளிகளைச் சேர்க்கின்றார். அதே சனிக்கிழமை பாடசாலையில் இன்னோர் ஆசிரியர், விலகிச் சென்ற ஒரு மாணவனின் பெயரை நீக்கிப் புதிதாகச் சேர்ந்த ஒருவனின் பெயரை எழுதுகின்றார். திங்கட்கிழமை இரு பிரதிகளும் சந்திக்கின்றன. ஒன்றை மற்றொன்றின்மேல் எழுதினால் ஒருவர் உழைப்பு அழியும். ஒரு மாணவனின் புள்ளியோ பெயரோ காணாமற்போகும். பரீட்சைப் பெறுபேற்றை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அஃது சிறு பிழையன்று.

இனி, ஒரு பெயர் பாடசாலைப் பிரதியில் உண்டு, வீட்டுப் பிரதியில் இல்லை எனக் கொள்வோம். அப்பெயர் பாடசாலையிற் சேர்க்கப்பட்டதா, வீட்டில் நீக்கப்பட்டதா? இரு பிரதிகளையும் எத்துணை நேரம் உற்றுநோக்கினும் இவ்வினாவுக்கு விடை கிட்டாது. இரண்டும் கடைசியாக ஒத்திருந்தபோது பட்டியல் எவ்வாறிருந்தது என்னும் மூன்றாவது சான்று வேண்டும். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அப்பெயர் இருந்ததாயின் வீட்டில் நீக்கப்பட்டது. இல்லையாயின் பாடசாலையிற் சேர்க்கப்பட்டது. இதனாலேயே நல்ல ஒத்திசைவு நிரல்கள் யாவும் முன்னைய சந்திப்பின் நிலையை மறைவாகப் பேணிவருகின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய கிட் என்னும் நிரல், இரு கிளைகளை இணைக்குமுன் அவ்விரண்டுக்கும் பொதுவான மூதாதைப் பிரதியைத் தேடிக் கண்டு மூன்றையும் ஒருங்கே ஒப்பிடுகின்றது. ஏடுகளை ஒப்பு நோக்குவோர் இரு ஏடுகளும் எம்மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டன என்று தேடுவதும் இதே காரணத்தினாலாகும்.

இத்தனை தொல்லை எதற்கு, பிந்திய நேரத்தில் எழுதப்பட்டதே புதியது எனக் கொண்டாற் போதாதோ என்பார் உளர். பெரும்பாலோர் கைக்கொள்வதும் அதுவே. அது பொருந்தாமையை விளக்க இலங்கையைவிடச் சிறந்த நாடு கிடைத்தல் அரிது. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டின் நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒற்றோபரில் அரைமணி பின்னே இழுக்கப்பட்டது. 2006 ஏப்பிரலில் மற்றை அரைமணியும் குறைக்கப்பட்டுப் பழைய நிலை மீண்டது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஒரு சிறு தீவினுள் இருவகை நேரம்; சோதனைச்சாவடியைக் கடப்போர் கைக்கடிகாரத்தையும் திருத்தவேண்டியிருந்த காலம் அது.

அக்காலத்தில் ஒருபுறத்தில் முற்பகல் 10.00 மணிக்கு எழுதப்பட்ட கோப்பு ஒன்று. மறுபுறத்தில் உண்மையிற் கால்மணி பிந்தித் திருத்தப்பட்ட அதன் பிரதி மற்றொன்று. பின்னையது தாங்கும் நேரமோ 9.45. நேரத்தை மட்டும் நோக்கும் நிரல் திருந்திய பிரதியைப் பழையதெனத் தள்ளித் திருந்தாததை நிலைநிறுத்தும். பென் டிரைவுகளிற் பெரிதும் வழங்கும் பழைய கோப்பமைப்பு, நேரத்தைப் பதியுமேயன்றி அஃது எவ்விடத்து நேரம் என்பதைப் பதிவதில்லை. வினாடிகளையும் இரண்டிரண்டாகவே எண்ணும். கணினியின் மின்கலம் வலுவிழந்தால் கடிகாரம் பல ஆண்டு பின்னோக்கிச் செல்வதும் பாடசாலைகளில் அரிய காட்சியன்று.

நேரத்தை நம்பாமல் முன்பின் அறிவது எவ்வாறு என்பதை லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1978இல் வெளியிட்ட கட்டுரையொன்று தெளிவாக்கிற்று. எது எப்போது நிகழ்ந்தது என்பது இங்கு வேண்டுவதில்லை. எது எதனை அறிந்தபின் நிகழ்ந்தது என்பதே வேண்டுவது. இக்கருத்தின் வழிவந்த முறையில் ஒவ்வொரு பிரதியும் ஒரு சிறு கணக்கை வைத்திருக்கும். பாடசாலையிற் செய்த திருத்தங்கள் எத்தனை, வீட்டிற் செய்தவை எத்தனை என்பதே அக்கணக்கு. ஒரு பிரதி ‘பாடசாலை 3, வீடு 2’ எனவும், மற்றது ‘பாடசாலை 3, வீடு 4’ எனவும் காட்டினால், முன்னையதில் உள்ளன யாவும் பின்னையதில் அடங்கியுள்ளன. ஐயமின்றிப் பின்னையதை ஏற்கலாம். ஒன்று ‘4, 2’ எனவும் மற்றது ‘3, 3’ எனவும் காட்டினால், ஒன்றை அறியாமல் மற்றொன்று எழுதப்பட்டது என்பது வெளிப்படை. அஃது முரண். கடற்படத்தின் மூலையில் எழுதும் எண்ணும் இதுவே. எழுதுவோர் பலராதலின் எண்ணும் பலவாயிற்று.

முரணைக் கண்டபின் என் செய்வது? இங்கே கணினி அறிவியல், ஏட்டாராய்ச்சியாளர் நெடுங்காலம் முன் வந்துசேர்ந்த இடத்துக்கே வந்துசேர்ந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். செல்லரித்த ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், ஒரு பாடத்தை மூலத்தில் ஏற்று மற்றதைப் பாடபேதமென அடியிற் காட்டுவர். தம் தீர்ப்புப் பிழையாயினும் பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. இணையவழிக் கோப்புச் சேவைகள் முரணுண்டானால் இரு பிரதிகளையும் வைத்துக்கொண்டு ஒன்றன் பெயரோடு ‘முரண்பட்ட பிரதி’ என்னும் குறிப்பைச் சேர்ப்பதும் அதுவே. இக்குறிப்பைக் கண்டு எரிச்சலுற்று ஒன்றைப் பாராமலே அழித்துவிடுவோர் பலர். அமேசன் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வுரையொன்றில், முரண்பட்ட இரு கூடைகளில் உள்ளவற்றையெல்லாம் ஒன்றாகத் திரட்டும் தம் முறையில், வாங்குவோர் நீக்கிய பொருள் சிலபோது மீண்டுந் தோன்றும் என ஒப்புக்கொண்டனர். சேர்த்ததை இழப்பதிலும் நீக்கியது மீள்வது மேல் என்பது வணிகரின் தீர்மானம். புள்ளிப்பட்டியலுக்கு அது பொருந்துமா என்பது வேறு.

பிரதிகளை ஒப்பிடுவதற்கு அவை இரண்டும் ஓரிடத்தில் இருத்தல்வேண்டும் என்பது ஒரு காலத்துத் தடை. தொலைபேசிக் கம்பிவழி மெல்லெனச் செல்லும் இணைப்பில் முழுக்கோப்பையும் அனுப்பின் ஒப்பிடுவதாற் பயனில்லை. அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ டிரிட்ஜெல், போல் மக்கராஸ் என்போர் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் முறை இதற்கு அழகிய தீர்வாயிற்று. பழைய பிரதியை வைத்திருப்பவர் அதனைச் சம அளவுத் துண்டுகளாக்கி, துண்டுதோறும் இரண்டு குறியெண்களைக் கணித்து அவற்றை மட்டும் அனுப்புவர். புதிய பிரதியை வைத்திருப்பவர் அவ்வளவான சட்டமொன்றைத் தம் கோப்பின்மேல் எழுத்தெழுத்தாக நகர்த்தி, எங்கெங்கே குறியெண் ஒக்கின்றதெனத் தேடுவர். ஒத்த இடத்தில் ‘உம் இத்தனையாவது துண்டு’ என்றும், ஒவ்வாத இடத்தில் எழுத்துக்களையுமே அனுப்புவர். எழுத்தெழுத்தாக நகர்த்துவது எதற்கெனின், முதல் வரியில் ஓரெழுத்தைச் செருகினாலும் பின்னுள்ளன யாவும் ஓரிடந் தள்ளிப்போமாதலின் என்க. வெளியேறும் எழுத்தைக் கழித்துப் புகும் எழுத்தைக் கூட்டினாற் போதுமாறு முதற் குறியெண் அமைந்தமையால் இவ்வேலை விரைந்து முடியும். அதனாற் பொய்யொற்றுமை தோன்றினும் வலிமைமிக்க இரண்டாவது குறியெண் காட்டிக்கொடுக்கும்.

குறியெண்களாற் பிரதிகள் ஒன்றையொன்று காப்பதும் உண்டு. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்திற் தோன்றிய லொக்ஸ் என்னும் திட்டத்தில், பல நூலகங்கள் ஒரே இதழின் பிரதிகளைத் தத்தம் கணினிகளில் வைத்து, இடையிடையே குறியெண்ணைக் கணித்து ஒன்றோடொன்று ஒப்பிடும். சிறுபான்மையாய் வேறுபட்ட பிரதி, பெரும்பான்மையைக் கொண்டு செப்பஞ் செய்யப்படும். பெரும்பான்மையோ எப்போதும் மெய்யாகாது. ஐந்து ஏடுகளுள் மூன்று ஒரே பிழைமூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டனவாயின், அம்மூன்றும் ஒரு சாட்சியே. நூலகங்கள் தத்தம் பிரதிகளைத் தனித்தனியே வெளியீட்டாளரிடமிருந்து பெறுதல் இதனாற் சிறப்புடைத்து.

ஒத்திசைவைக் காப்புப்பிரதியெனக் கொள்வது இன்று பரவலான மயக்கம். ஒத்திசைவு திருத்தத்தைப் பரப்புவதுபோலவே அழிவையும் பரப்பும். ஒரு கணினியிற் கைதவறி நீக்கிய கோப்பு, சில கணத்தில் எல்லாப் பிரதிகளினின்றும் நீங்கும். கோப்புக்களைப் பூட்டிப் பணங் கேட்கும் தீநிரல்கள் புகுந்தாலும் அவ்வாறே. ஆதலின் ஒத்திசைவுக்கு உட்படாத ஒரு பிரதி, கணினியோடு இணைக்கப்படாமல், நாள் குறிக்கப்பட்டு, வேறொரு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியபோது, ஒரே அலுமாரியில் அடுக்கப்பட்டிருந்த மூலமும் பிரதியும் ஒருங்கே நனைந்தன. மேட்டுநிலத்தில் உள்ள உறவினர் வீடொன்றோ அயற்பாடசாலையொன்றோ போதும். தவணைக்கொருமுறை அப்பிரதியை வெளியே எடுத்து, கோப்பு உண்மையிலே திறக்கின்றதா, எழுத்துக்கள் படிக்கத்தக்கனவா என்று பார்த்து, பின்னர் மீளவும் வைத்தல் வேண்டும்.